கியோட்டோவுக்குக் கடல்மீன் வந்த வழி

கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த நகரம். 794-இல் ஹெய்யான்-க்யோ என்ற பெயரில் ஜப்பானின் தலைநகராக நிறுவப்பட்டது. 1869-இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயரும்வரை, சிறு இடைவெளி தவிர, அரசவை இங்கேயே இருந்தது. நகரின் எந்த மூலையிலும் கடல் கிடையாது. வடக்கே ஜப்பான் கடலை அடைய மலைகளைத் தாண்ட வேண்டும். தெற்கே ஒசாகா விரிகுடாவுக்கு யோதோ ஆற்றோடு இறங்கிப் போக வேண்டும். ஆனால் இந்த ஊரின் பெயர் சொல்லும் பண்டங்களில் முன்வரிசையில் நிற்பவை கடல்மீன் பண்டங்கள்தான்: சபா மீனில் செய்யும் சபாசுஷி, கோடைக்கு ஹமோ, ஹெர்ரிங் கருவாடு கிடத்திய நிஷின் சோபா, காட் கருவாடும் கிழங்கும் சேர்ந்த இமோபோ. கடல் பக்கத்தில் இருந்திருந்தால் இவை இந்த வடிவத்தில் பிறந்திருக்காது. கியோட்டோவில் நல்ல கடல்மீன் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு, மீன் எந்த வழியாக நகருக்குள் வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

மீனின் தேவை அரசவையிலும் சமயத்திலும் தொடங்கியது. 675-இல், கியோட்டோ தலைநகராவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, பேரரசர் தெம்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். பௌத்தம் வேரூன்ற வேரூன்ற, உயர்குடியினரின் தட்டிலிருந்து இறைச்சி விலகியது. அந்த இடத்தை மீன் பிடித்துக்கொண்டது. கைக்கெட்டிய தூரத்தில் நன்னீர் மீன் நிறைய இருந்தது. கிழக்கு மலைக்கு அப்பால் ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா இருக்கிறது. அங்கிருந்து கெண்டை இனத்து மீன்கள் வந்தன. நகரத்து ஆறுகளிலேயே அயு என்ற சிறுமீன் கிடைத்தது. நீண்ட காலம் விருந்துகளில் முதல் மரியாதை கெண்டை இனத்தைச் சேர்ந்த கோய் மீனுக்கே இருந்தது. ஆனாலும் அரசவை கடல்மீனையும் கேட்டது. கேட்டதைக் கொடுக்க வேண்டிய கடமை வடக்குக் கரையில் இருந்த வகாசா நாட்டின் மேல் விழுந்தது.

வகாசா சிறிய நாடு. இன்றைய ஃபுகுயி மாகாணத்தின் மேற்குப் பகுதி அது. தலைநகர் நாராவில் இருந்த காலத்திலேயே அது அரண்மனைக்கு உப்பும் மீனும் அனுப்பிவந்தது. நாராவின் ஹெய்ஜோ அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியபோது, சரக்கோடு கட்டி அனுப்பிய மரச்சீட்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் வகாசாவின் உப்புச் சீட்டுகள் இருக்கின்றன. டாய் என்ற செந்நிறக் கடல்மீனைச் சோற்றோடு ஊறவைத்துச் செய்த சுஷி, ஒரு ஜாடி, என்று குறிக்கும் சீட்டும் இருக்கிறது. அந்தக் காலத்துச் சுஷி, இன்று உலகெங்கும் தெரிந்த பச்சைமீன் சுஷியிலிருந்து வெகு தூரத்தில் இருப்பது. மீனை உப்பிட்டு, சோற்றுக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். சோறு குழைந்து புளித்து மீனைக் காக்கும். பிவா ஏரிக்கரையில் ஃபுனாசுஷி என்ற பெயரில் இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. மலை தாண்டிப் போக வேண்டிய மீனுக்கு வகாசாக்காரர்கள் முதலில் கண்ட வழி இதுவே.

நகரத்தாரின் பேச்சிலும் இந்தத் தொலைவு பதிந்தது. உப்பு போடாத மீனுக்கு ‘புயென்’ என்று பெயர். உப்பில்லாதது என்பதே அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். தலைநகருக்கு வரும் கடல்மீன் எல்லாம் உப்பிட்டே வந்ததால், உப்பிடாதது என்றாலே புதியது என்று ஆகிவிட்டது. ‘ஹெய்கே மொனொகதாரி’ காவியத்தில் இந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சம்பவம் வருகிறது. 1183-இல் படையோடு கியோட்டோவுக்குள் நுழைந்த கிஸோ யொஷினாகா மலைநாட்டில் வளர்ந்தவர். வீட்டுக்கு வந்த நெகொமா என்ற அரசவைப் பிரபுவுக்கு விருந்து வைக்க விரும்பி, புயென் காளான் இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்று ஆள்களை விரட்டுகிறார். புதிதாக உள்ள எதற்கும் அந்தச் சொல் பொருந்தும் என்பது அவர் எண்ணம். காளானுக்கு ஏது உப்பு? காவியம் இதை நகரத்து நாகரிகம் அறியாதவரின் பிழையாகக் காட்டுகிறது. ஆனால் உணவின் வரலாற்றைப் படிப்பவருக்கு இந்தப் பிழை பெரிய சாட்சி. 12-ஆம் நூற்றாண்டின் கதையில், கடல்மீன் என்றால் உப்பு என்பது கியோட்டோவில் யாரும் விளக்கத் தேவையில்லாத பொது அறிவாக இருக்கிறது.

வகாசாவின் துறைமுகமான ஒபாமாவிலிருந்து கியோட்டோவின் தெமாச்சி வரை உள்ள தூரத்தைப் பழைய கணக்கில் 18 ரி என்பார்கள். ஏறக்குறைய 72 கிலோமீட்டர். கியோட்டோ எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பதினெட்டு ரிதான் என்று வகாசாவில் ஒரு பேச்சு உண்டு. பாதை ஒன்றல்ல, பல. பெரும்பாலான சரக்கு வந்த வகாசா நெடுஞ்சாலை, குமகாவா, குட்சுகி ஊர்களைத் தாண்டி, ஒஹாரா வழியாக நகரின் வடகிழக்கில் இறங்கும். ஹரிஹாதா வழி இதைவிடக் குறுக்கானது, ஆனால் செங்குத்தானது. அது குராமா பக்கமாக வந்து சேரும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்று சபா கைதோ என்று பெயர். சபாப் பாதை என்பது பொருள். பெயர் பிற்காலத்தது; நடை பழையது.

சபா, தமிழகக் கரையின் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய உறவு. கானாங்கெளுத்தியைக் கையாண்டவர்களுக்கு அதன் சிக்கலும் தெரிந்திருக்கும். கொழுப்பு மிகுந்தது, பிடித்த சில மணி நேரத்திலேயே தளரத் தொடங்கும், வெயிலில் வைத்தால் உடம்புக்கு ஒவ்வாத நச்சு ஊறிவிடும். உயிரோடு இருக்கும்போதே அழுகும் மீன் என்று ஜப்பானியர் இதைச் சொல்வார்கள். ஆகவே ஒபாமாவில் கரையேறியதுமே குடலை எடுத்து உப்பைப் பூசிவிடுவார்கள். கூடைகளில் அடுக்கி, முதுகில் சுமந்து, ஆணும் பெண்ணும் மலையேறுவார்கள். ஓர் இரவும் பகலுமாக நடந்து தெமாச்சியில் கூடையை இறக்கும்போது, உப்பு முள்ளருகே வரை இறங்கியிருக்கும். மீனின் நீர் வடிந்து சதை இறுகியிருக்கும். அரைகுறையாகவும் இல்லாமல் கரிப்பாகவும் இல்லாமல் சரியான பதத்தில் இருக்கும் என்பது கியோட்டோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சேதி. இதை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. உப்பு சதைக்குள் இறங்குவதற்குத் தேவையான நேரமும் 72 கிலோமீட்டர் மலைப்பாதைக்குத் தேவையான நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. கரையில் உப்பிட்டவரும் நகரில் வாங்கியவரும் செய்த சமையலில் ஒரு பங்கைப் பாதை செய்தது.

இந்த வழியில் பிழைத்த ஊர்களில் குமகாவாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது சுமார் 40 வீடுகள் கொண்ட கிராமம். 1589-இல் வகாசாவின் அதிபதி அஸானோ நாகமாஸா அதற்கு வரிவிலக்கு அளித்துச் சாவடி ஊராக வளர்த்தார். பிறகு 200 வீடுகளுக்கு மேல் பெருகி, சரக்கு மாற்றும் கிடங்குகளும் சத்திரங்களுமாக நிறைந்தது. தெருவோரம் வாய்க்கால் ஓட, பழைய வீடுகள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. 1996-இல் அரசு அந்தத் தெருவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

தெமாச்சியில் இறங்கிய உப்புச் சபாவைக் கியோட்டோ வீடுகள் சுஷியாக்கின. தோலுரித்து முள்ளை எடுத்து, உப்பு அளவாக இறங்கும்வரை நீரிலோ காடியிலோ வைத்து, காடி கலந்த சோற்றின்மேல் முழுப் பாதி மீனைப் படுக்கவைத்து அழுத்திக் கட்டுவார்கள். உடனே உண்பதைவிட ஒரு நாள் கழித்து உண்பதே சிறப்பு; அதற்குள் கொழுப்பும் புளிப்பும் சோற்றில் இறங்கிவிடும். மே மாத ஆவோய் விழாவுக்கும் இலையுதிர்காலத் திருவிழாக்களுக்கும் வீட்டில் செய்து உறவினர்களுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கமாக இருந்தது. தமிழ் வீடுகளில் தீபாவளிப் பலகாரம் தட்டில் போய் வருவதைப் போன்ற கொடுக்கல் வாங்கல் அது. வீட்டுப் பண்டத்தைக் கடைப் பண்டமாக்கிய பெருமை, 1781-இல் கியோன் பகுதியில் தொடங்கிய இஸூவு கடைக்குப் பெரும்பாலும் சேரும். இன்றும் நடக்கும் அந்தக் கடை, சுஷியைக் கொம்பு என்ற தடித்த கடற்பாசிப் பட்டையில் சுற்றிக் கொடுக்கிறது. அந்தப் பட்டை ஈரத்தையும் சுவையையும் காக்கிறது, உண்ணும்போது உரித்துவிடுவார்கள்.

அந்தக் கொம்பும் உள்ளூர்ச் சரக்கு இல்லை. எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை, வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோவிலிருந்து கிதாமாயெ-புனே என்னும் சரக்குக் கப்பல்கள் ஜப்பான் கடலோரமாக வந்துபோயின. அவை கொம்பு, ஹெர்ரிங் கருவாடு, காட் கருவாடு ஆகியவற்றை ட்சுருகா, ஒபாமா துறைகளில் இறக்கின. அங்கிருந்து மலைவழியும் பிவா ஏரிப் படகும் மாறி அவை கியோட்டோவை அடைந்தன. சபாவுக்கு ஒரு நாள் கெடு இருந்தது. கருவாட்டுக்கு மாதங்கள் கெடு. ஆனால் மரக்கட்டை போல் வந்து சேரும் கருவாட்டை மீண்டும் மீனாக்கும் வேலை நகரத்துச் சமையலறையின் தலையில் விழுந்தது.

மிகாகி நிஷின் எனப்படும் ஹெர்ரிங் கருவாட்டை அரிசி கழுவிய நீரில் ஊறப்போடுவார்கள். கழுநீர் பழைய கொழுப்பின் காரலை இழுத்துக்கொண்டு சதையை இளக்கும். பிறகு சோயா சாறும் இனிப்பும் சேர்த்து மெல்லிய தீயில் வேகவைப்பார்கள். கியோட்டோ வீடுகளில் இதற்கு வழக்கமான துணை கத்தரிக்காய். நிஷினும் கத்தரியும் ஒரே சட்டியில் வேகும். கருவாட்டைக் கழுநீரில் அலசி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கும் தமிழ்நாட்டு அடுக்களைக்கு இந்தச் செய்முறையில் விளக்கம் தேவைப்படாது. இரு நாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றதாகக் கொள்ள வேண்டியதில்லை. உலர்ந்த மீனின் காரலுக்குக் கழுநீரும், அதன் அடர்ந்த சாற்றை உறிஞ்சிக்கொள்ளக் கத்தரியும் என்று இரண்டு அடுக்களைகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன. இந்த நிஷினைச் சூடான சோபா நூடுல்ஸ் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கும் யோசனை 1882-இல் வந்தது. மினாமி-ஸா நாடக அரங்கை ஒட்டி 1861-இல் தொடங்கிய மட்சுபா கடையின் இரண்டாம் தலைமுறை உரிமையாளர் அதைச் செய்தார்.

காட் கருவாட்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒரு வாரத்துக்கும் மேல் நாள்தோறும் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். அதை எபி-இமோ என்ற சேப்பங்கிழங்கு வகையோடு சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்தால் இமோபோ. கிழங்கின் காறல் கருவாட்டை மென்மையாக்கும், கருவாட்டின் பசை கிழங்கைக் குழையாமல் காக்கும் என்பது சமையற்காரர்களின் விளக்கம். மருயாமா பூங்காவை ஒட்டிய ஹிரானோ-யா கடை சுமார் 300 ஆண்டுகளாக இந்த ஒரு பண்டத்தைச் செய்துவருகிறது. கடல்மீன் உணவகம் என்றதும் மனத்தில் எழும் ஐஸ் பரப்பிய மேசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் உள்நாட்டு நகரம் ஒன்றின் கடல்மீன் அறிவு எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று காட்டுவது கடினம்.

தெற்குப் பக்கத்திலிருந்து வந்த மீனின் கதை வேறு. ஒசாகா விரிகுடாவிலும் அவாஜி தீவைச் சுற்றியும் பிடிபடும் ஹமோ, விலாங்கு போல நீண்ட உடலும் கூரிய பற்களும் கொண்டது. கோடை வெயிலில் மற்ற மீன்கள் வழியிலேயே கெட்டுப்போக, ஹமோ உயிரோடு வந்து சேர்ந்தது. ஈரம் இருந்தால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் மீன் அது. யோதோ ஆற்றில் ஒசாகாவுக்கும், நகருக்குத் தெற்கே உள்ள ஃபுஷிமிக்கும் இடையே படகுகள் ஓடின. எதிரோட்டத்தில் வரும்போது கரையில் ஆள்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். ஃபுஷிமியிலிருந்து நகரின் நடுப்பகுதிவரை செல்லும் தகாஸே கால்வாயை வணிகர் சுமினோகுரா ரியோயி 1614-இல் வெட்டி முடித்தார். அரிசியும் விறகும் வந்த இந்த நீர்வழி, தெற்கிலிருந்து வரும் சரக்கு அனைத்துக்கும் நகரைத் திறந்துவிட்டது.

உயிரோடு வருவது மட்டும் போதாது. ஹமோவின் சதை முழுக்க மெல்லிய முட்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியாது. அதனால் முள்ளைச் சதையோடு சேர்த்துப் பொடியாக நறுக்கிவிடும் ஹொனெ-கிரி என்ற வித்தை வளர்ந்தது. விரித்த மீனைத் தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, கனமான கத்தியைச் சீராக இறக்க வேண்டும். சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்தில் 24 வெட்டுகள் விழ வேண்டும், ஆனால் அடித்தோல் அறுபடக் கூடாது. முள் நறுங்கும் சரசர ஒலியைக் கேட்டே கைத்திறனை எடைபோடுவார்கள். அப்படி வெட்டிய துண்டைக் கொதிநீரில் ஒரு நொடி முக்கி எடுத்தால், தோல் சுருங்க, வெள்ளைச் சதை பூவாக விரியும். குளிர்ந்த நீரில் ஆற்றி, உப்பில் ஊறிய உமே காயின் புளித்த விழுதோடு வைப்பார்கள். 869-இல் கொள்ளைநோய் தீர வேண்டித் தொடங்கிய கியோன் திருவிழா ஜூலையில் வருகிறது. ஹமோவுக்கும் அதுவே பருவம். அதனால் அந்த விழாவை ஹமோ விழா என்றே சிலர் அழைக்கிறார்கள். ஹமோவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பண்டங்களைச் சொல்லும் சமையல் நூல் ஒன்று 1795-இல் வெளியாயிற்று. முள் அதிகம் என்று பல கடலோர ஊர்கள் கைவிட்ட மீனைக் கடலற்ற நகரம் அரியணையில் ஏற்றியது. உயிரோடு வந்த ஒரே மீனை விட்டுவிட அதற்கு மனம் இல்லை.

வடக்கும் தெற்கும் சேர்ந்த இடம் நிஷிகி தெரு. இன்று சுமார் 390 மீட்டர் நீளத்தில், கூரை வேய்ந்த சந்தையாக இருக்கும் இது, 1615-இல் மீன் மொத்த வியாபாரத்துக்கு அரசின் அனுமதி பெற்றது. நகரில் அப்படி அனுமதி பெற்றவை மூன்று சந்தைகள். நிலைத்த புகழ் நிஷிகிக்கு. அதன் அடியில் ஓடும் நிலத்தடி நீரே அதற்குக் காரணம். கோடையிலும் குளிர்ந்திருக்கும் அந்த நீரைக் கிணறுகள் தந்தன. கடைக்குள்ளேயே தோண்டிய கிணற்றில் கூடையோடு மீனை இறக்கிவைப்பார்கள். ஐஸ் பெட்டி வருவதற்கு முன் அதுவே குளிர்சாதனம். மலை தாண்டி வந்த மீன் இன்னொரு நாள் தாங்கியது அந்தக் கிணற்றின் தயவில்தான்.

1716-இல் இதே தெருவின் காய்கறி மொத்த வியாபாரி வீட்டில் பிறந்தவர் ஓவியர் இதோ ஜாகுசூ. நாற்பது வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் வரைந்தார். உயிரினங்களைப் பற்றிய அவருடைய முப்பது பட்டுச்சுருள் ஓவியங்களில் இரண்டு கடல்மீன் கூட்டத்துக்கு உரியவை. ஒன்றில் பெரிய ஆக்டோபஸ் ஒன்று மீன்களுக்கு நடுவே இறங்குகிறது. அதன் கால்நுனியைக் குட்டி ஆக்டோபஸ் ஒன்று பற்றிக்கொண்டிருக்கிறது. செதிலும் துடுப்பும் இனம் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியமானவை. ஆனால் மீன்கள் நீந்தும் விதத்தைவிட, பலகையில் பக்கவாட்டில் கிடத்திவைத்த கோலமே அவற்றில் தெரிகிறது. கடலைச் சந்தையில் கண்டவரின் ஓவியம் என்று அதைச் சொல்லலாம்.

1877-இல் ஒசாகா - கியோட்டோ ரயில் ஓடத் தொடங்கியது. 1884-இல் ட்சுருகா ரயில் வலையில் சேர்ந்தது. ஒபாமாவுக்கு 1918-இல் ரயில் வந்தது. முதுகுச் சுமை அத்தோடு ஓய்ந்தது. 1918-இன் அரிசிக் கலவரங்களுக்குப் பிறகு, உணவுச் சந்தைகளை நகராட்சியே நடத்த வேண்டும் என்ற கருத்து வலுத்து, 1923-இல் சட்டமாயிற்று. அச்சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் மத்திய மொத்தச் சந்தை 1927 டிசம்பரில் திறக்கப்பட்டது கியோட்டோவில். மீன் மொத்த வியாபாரிகள் அங்கே போய்விட, நிஷிகி சில்லறைக் கடைத்தெருவாக மாறியது. ஐஸும் குளிர்பதன லாரியும் வந்தபின் வகாசாவிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் பச்சைமீன் வந்துவிடுகிறது. புயென் என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

வேலை போன பிறகும் பழக்கங்கள் போகவில்லை. வகாசா கடலில் பிடிபடும் குஜி என்ற இளஞ்சிவப்பு மீனை இன்றும் கரையிலேயே லேசாக உப்பிட்டு அனுப்புகிறார்கள். மென்மையான அதன் சதை, ஓரிரவு உப்பில் கிடந்தால்தான் இறுகிச் சுவைபெறும் என்பதைப் பாதை கற்றுக்கொடுத்தது. கியோட்டோ சமையற்காரர்கள் அதைச் செதிலோடு சுடுகிறார்கள். செதில் மொறுமொறுவென்று எழும்பி நிற்கும். நல்ல கடைகளின் இருப்பிடமும் பழைய வரைபடத்தையே பின்பற்றுகிறது. தெமாச்சிப் பாலத்தருகே சபாப் பாதை முடிந்த இடத்தைக் குறிக்கும் கல் இருக்கிறது. அந்தக் கடைத்தெருவில் சபாசுஷி இன்றும் கிடைக்கிறது. நிஷின், இமோபோ, ஹமோ வேண்டுவோருக்குக் கியோன், நிஷிகி சுற்றுப்புறம். அங்கெல்லாம் கடையின் தரத்தை அறிய, மீன் எப்போது பிடிபட்டது என்று கேட்பதைவிட, எப்போது உப்பிட்டது, எத்தனை நாள் ஊறியது என்று கேட்பதே பயன்தரும்.

குறைந்துபோனது சபாதான். வகாசாவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான டன்னாக இருந்த சபா பிடிப்பு, 1970-களுக்குப் பிறகு சரிந்து, ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வந்தது. வேறு கரைகளின் சபாவும் நார்வேயிலிருந்து உறைநிலையில் வரும் சபாவும் அந்த இடத்தை நிரப்பின. 2015-இல் சபாப் பாதை, ஜப்பான் பாரம்பரியம் என்ற அரசுப் பட்டியலின் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. மீன் இல்லாத மீன்பாதையாக அது நின்றுவிடக் கூடாது என்று, அடுத்த ஆண்டு ஒபாமாவில் கடல் கூண்டுகளில் சபா வளர்க்கத் தொடங்கினார்கள். அவற்றின் தீவனத்தில் சாகே மது வடித்தபின் மிஞ்சும் அரிசிச் சக்கையைக் கலக்கிறார்கள். அந்தச் சக்கை கியோட்டோவின் வடிப்பாலையிலிருந்து, மலைகளைத் தாண்டி, வடக்கே ஒபாமாவுக்குப் போகிறது.